ஸ்போர்ட் குவாட் பைக் இன்ஜினுக்குக் குறைந்த செலவில் கூடுதல் வலு: எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிவைப்பது

ஸ்போர்ட் குவாட் பைக் வாங்கியவர்களில் பலர் முதலில் செய்யும் செலவு புது சைலன்சர்தான். மாட்டியதும் சத்தம் கனத்துவிடுகிறது; வண்டியும் வேகமாகிவிட்டது போலத் தோன்றுகிறது. ஆனால் வழக்கமாகத் திணறும் அதே மணல் மேட்டில், அதே இடத்தில் கியரைக் குறைக்க வேண்டியிருக்கிறது. சைலன்சர் வாங்குவது தவறென்று நான் சொல்லவரவில்லை. காற்று உள்ளே வரும் வழி, அதோடு பெட்ரோல் சேரும் அளவு, எரிந்த புகை வெளியேறும் வழி ஆகிய மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பவை என்பதால், ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்ற இரண்டையும் தொழிற்சாலை வைத்த அளவிலேயே விட்டுவிட்டால், போட்ட பணத்தில் பாதிகூட வலுவாகத் திரும்பி வருவதில்லை. குறைந்த செலவில் இன்ஜினை மேம்படுத்த விரும்புகிறவர் பிடிக்க வேண்டியது வரிசை. இந்தக் கட்டுரை அந்த வரிசையிலேயே செல்கிறது.

கைப்பிடியில் கிளட்சும், காலில் கியரும், கட்டைவிரலால் அழுத்தும் திராட்டிலும், செயினால் சுழலும் பின் அச்சும் கொண்ட வண்டிகளையே இங்கே ஸ்போர்ட் குவாட் என்று குறிப்பிடுகிறேன். ஹோண்டா டி.ஆர்.எக்ஸ். 400இ.எக்ஸ்., சுஸுகி எல்.டி.இசட். 400, யமஹா ஒய்.எஃப்.இசட். 450, ராப்டர் 700 ஆகியவை இந்த வகை. கியர் மாற்றத் தேவையில்லாத, சுமை இழுக்கும் பெல்ட் டிரைவ் நாற்சக்கர வண்டிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. எடுத்துக்காட்டுகளுக்குப் பெரும்பாலும் 400இ.எக்ஸ். வண்டியை எடுத்துக்கொள்கிறேன், காற்றால் குளிரும் ஒற்றை சிலிண்டர், வால்வுகளைத் திறக்கும் ஒற்றை கேம், காற்றோடு பெட்ரோலைக் கலக்கும் கார்புரேட்டர் என்று அதன் அமைப்பு எளிமையானது, கற்றுக்கொள்ள ஏற்றது.

முதலில், இழந்த வலுவை மீட்பது

பழைய குவாட் ஒன்று தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த வலுவில் ஒரு பகுதியை ஏற்கெனவே இழந்திருக்கும். அதை மீட்க ஆகும் செலவு, புதிதாக அதே அளவு வலுவைச் சேர்க்க ஆகும் செலவில் சிறு பங்குதான். எனவே எந்தப் பொருளையும் வாங்குவதற்கு முன், உங்கள் இன்ஜின் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் சோதனைக்கு ஒரு ஸ்பானர்கூடத் தேவைப்படாமல் போகலாம். கட்டைவிரல் திராட்டில் கூட்டைக் கவனித்துப் பாருங்கள். புதிதாக ஓட்டுபவர் முழு வேகம் எடுத்துவிடாமல் தடுப்பதற்காக, அதில் லாக் நட்டோடு ஒரு சிறு திருகு இருக்கும். அந்தத் திருகு உள்ளே போய் நின்றால் லீவர் பாதி வழியிலேயே முட்டிக்கொள்ளும். பழைய வண்டியை வாங்கியவர்கள் இதைக் கவனிக்காமல் மாதக்கணக்கில் ஓட்டுவதுண்டு. இன்ஜினை நிறுத்திவிட்டு, கார்புரேட்டரின் காற்று வாயில் விளக்கைப் பிடித்து, ஒருவர் லீவரை முழுவதும் அழுத்த மற்றவர் உள்ளே பார்க்க வேண்டும். கேபிளோடு நேரடியாக நகரும் ஸ்லைடு உள்ள கார்புரேட்டராக இருந்தால், அந்த ஸ்லைடு துளையை விட்டு முழுவதும் மேலேறியிருக்க வேண்டும். வெற்றிட இழுப்பால் ஸ்லைடு எழும் வகையில், இன்ஜின் பக்கமுள்ள வட்டத் தகடு முழுவதும் திறந்து காற்றோட்டத்துக்கு இணையாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் திருகைத் தளர்த்தி, கேபிளின் தளர்வைச் சரிசெய்தாலே போதும்.

அடுத்தது கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் மேலேறும்போது சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம். இன்ஜின் சூடாக இருக்கும்போது பிளக்கைக் கழற்றி, கேஜை மாட்டி, திராட்டிலை முழுவதும் திறந்து பிடித்தபடி, முள் மேலே ஏறாமல் நிற்கும்வரை ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டும். திராட்டிலைத் திறக்காமல் எடுத்த அளவு பயனற்றது. அளவு குறைவாக வந்தால் சிலிண்டருக்குள் ஒரு சிறு கரண்டி ஆயிலை ஊற்றி மறுபடி பாருங்கள்: அளவு நன்றாக ஏறினால் தேய்மானம் ரிங்கிலோ சிலிண்டர் சுவரிலோ இருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு சரியாக உட்காரவில்லை. இதில் ஓர் எச்சரிக்கை தேவை. இன்றைய ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின்கள் பலவற்றில், ஸ்டார்ட் செய்ய எளிதாக இருப்பதற்காக எக்ஸாஸ்ட் வால்வைச் சற்றே தூக்கிப் பிடிக்கும் அமைப்பு கேமிலேயே இருப்பதால், நல்ல இன்ஜினும் குறைந்த அளவையே காட்டக்கூடும். சர்வீஸ் மேனுவலில் உங்கள் வண்டிக்குத் தந்திருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

பிறகு டேப்பெட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய சிறு இடைவெளி. இன்ஜின் முழுவதும் ஆறியிருக்கும்போது, பிஸ்டனைக் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் நிறுத்தி, ஃபீலர் கேஜால் (கனம் குறிக்கப்பட்ட மெல்லிய தகடுகளால்) அளக்க வேண்டும். 400இ.எக்ஸ். வண்டியில் திருகும் நட்டும் இருப்பதால் அரை மணி நேரத்தில் முடியும் வேலை இது. ஒய்.எஃப்.இசட். 450 போன்ற வண்டிகளில் ஷிம் என்னும் சிறு உலோக வில்லையை மாற்ற வேண்டும். அந்த இன்ஜினின் ஐந்து வால்வுகளும் டைட்டானியத்தால் ஆனவை. எடை குறைந்தவை என்பதால் உயர் சுழற்சிக்கு ஏற்றவை, ஆனால் அவற்றின் மேற்பூச்சு தேய்ந்துவிட்டால் இடைவெளி வேகமாகக் குறைந்துகொண்டே போகும். ஒருமுறை ஷிம் மாற்றிய பிறகு சில நாள் ஓட்டத்திலேயே இடைவெளி மறுபடி சுருங்கியிருந்தால், மேலும் ஷிம் மாற்றுவதில் பொருளில்லை. வால்வின் காலம் முடிந்துவிட்டது.

கிளட்ச் நழுவுகிறதா, பிரேக் உரசிக்கொண்டே சுழல்கிறதா, செயின் மிக இறுக்கமாக இருக்கிறதா, டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்பவற்றையும் அதே நாளில் பார்த்துவிடுங்கள். இவை இன்ஜின் வேலை அல்ல என்றாலும், இன்ஜின் தரும் வலு தரைக்குப் போகும் வழியில் இவைதான் நிற்கின்றன.

பல்சக்கரம்: செலவு குறைவு, பலன் உடனடி

இன்ஜினைத் தொடாமலே பிக்கப்பைக் கூட்டும் வழி முன் ஸ்ப்ராக்கெட்டை மாற்றுவது. 400இ.எக்ஸ். வண்டியில் தொழிற்சாலையிலிருந்து வருவது முன்னே 15 பல், பின்னே 38 பல். விகிதம் 2.53. முன்னே 14 பல் போட்டால் விகிதம் 2.71 ஆகிறது, அதாவது ஒவ்வொரு கியரிலும் பின் சக்கரத்துக்குப் போகும் இழுவிசை சுமார் 7 சதவீதம் கூடுகிறது. இதே பலனைப் பின் ஸ்ப்ராக்கெட்டில் பெற வேண்டுமென்றால் 38ஐ 41 ஆக்க வேண்டும், செயினின் நீளத்தையும் பார்க்க வேண்டும். முன்னே ஒரு பல் என்பது பின்னே ஏறக்குறைய மூன்று பல்லுக்குச் சமம் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

உச்ச வேகம் அதே அளவுக்குக் குறையும் என்பதை மறைக்க முடியாது. ஆனால் காட்டுப் பாதையிலும் மணல் மேட்டிலும் ஓட்டுபவர் கடைசி கியரில் முழு வேகத்தைத் தொடும் நேரம் மிகக் குறைவு; அவருக்கு இரண்டாவது, மூன்றாவது கியர்களில் கிடைக்கும் இழுப்பே பயன்படும். டயரை உயரமானதாக மாற்றியிருப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம், ஏனென்றால் உயரமான டயர் விகிதத்தை எதிர்த்திசையில் இழுத்திருக்கும். முன் ஸ்ப்ராக்கெட் சிறுத்தால் செயின் கூர்மையாக வளைந்து செல்லும் என்பதால், ஸ்விங் ஆர்மின் மேல் இருக்கும் ரப்பர் பட்டை விரைவில் தேயும். மாதம் ஒருமுறை அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காற்று, பெட்ரோல், புகை: மூன்றும் ஒரே வேலை

இனி இன்ஜினுக்குள் வருவோம். இந்தப் பகுதிக்குத்தான் உங்கள் பணத்தின் பெரும்பங்கும், பொறுமையின் பெரும்பங்கும் தேவைப்படும்.

சீட்டுக்குக் கீழே இருக்கும் ஏர் பாக்ஸின் மூடி, சத்தத்தைக் குறைக்கவும் தண்ணீரைத் தடுக்கவும் சிறிய வாய் வைத்துச் செய்யப்பட்டது. மூடியைக் கழற்றினாலோ, அதில் துளைகள் இட்டாலோ, அதிகக் காற்று உள்ளே வரும். செலவு ஏறக்குறைய இல்லை. ஆனால் ஆற்றைக் கடப்பவர்களும், சேற்றில் ஓட்டுபவர்களும் மூடியை முழுவதும் எடுக்கக் கூடாது; தண்ணீரைத் தள்ளும் துணி உறையை ஃபில்டர் மேல் போட்டு, மூடியில் துளைகள் மட்டும் இடுவது அவர்களுக்கு நல்லது. ஃபில்டராக நான் பரிந்துரைப்பது ஆயில் ஊறிய இரட்டை அடுக்கு ஃபோம். அதிகக் காற்று விடும் ஃபில்டர் என்று விற்கப்படுபவற்றில் சில, நுண்ணிய தூசியையும் சேர்த்தே விடுகின்றன; மணல் தூசி ரிங்கையும் சிலிண்டரையும் அரைத்துவிடும். ஃபில்டரின் விளிம்பில் கிரீஸ் தடவி உட்கார வைத்து, ஓரிரு ஓட்டத்துக்குப் பிறகு ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணி சுற்றிய விரலால் துடைத்துப் பாருங்கள். துணியில் நறநறவென்று ஏதாவது ஒட்டினால் அந்த ஃபில்டரோ, அது உட்காரும் இடமோ சரியில்லை.

சைலன்சரில் இரண்டு வழிகள் உண்டு: பின்பகுதியை மட்டும் மாற்றும் ஸ்லிப் ஆன், இன்ஜின் ஹெட்டிலிருந்து தொடங்கும் முழுக் குழாய். பணம் அளவோடு இருந்தால் ஸ்லிப் ஆன் போதும். அதிலிருந்து கிடைக்கும் வலு சிறிதுதான் என்றாலும், எடை குறைவது உறுதி. முழுக் குழாய், கேமும் பிஸ்டனும் மாற்றப்பட்ட இன்ஜினுக்குத்தான் தன் விலைக்கு உழைக்கும். எதை வாங்கினாலும் தீப்பொறி தடுப்பு வலை உள்ளதாக வாங்குங்கள். காய்ந்த புல்வெளியில் வலையில்லாத சைலன்சர் காட்டுத் தீக்குக் காரணமாகலாம். சத்தம் அளவு மீறினால் நீங்கள் ஓட்டும் இடமே மற்றவர்களுக்கும் மூடப்பட்டுவிடும் அபாயம் உண்டு. இதை நான் இரண்டாம்பட்ச விஷயமாகக் கருதவில்லை.

இப்போது பெட்ரோல். மூடியையும் சைலன்சரையும் மாற்றிவிட்டு, கார்புரேட்டரில் பெட்ரோலின் அளவைத் தீர்மானிக்கும் துளையுள்ள சிறு பித்தளைத் திருகான ஜெட்டை மாற்றாமல் விடுவதுதான் நான் பார்த்த தவறுகளிலேயே அதிகச் செலவு வைப்பது. என் முதல் வண்டியில் நானே அதைச் செய்தேன். பெட்ரோல் குறைந்த கலவையில், அதாவது லீன் நிலையில், இன்ஜின் தொடக்கத்தில் துடிப்பாகவே ஓடும். அதனால் வேலை வெற்றி என்று நினைத்துவிட்டேன். நீண்ட ஏற்றம் ஒன்றில் முழு திராட்டிலில் சென்றபோது வலு திடீரென்று இறங்கி, இன்ஜின் நின்றது. கழற்றிய பிளக்கின் பீங்கான் சுண்ணாம்பு பூசியது போல் வெளுத்திருந்தது. அதன் மேல் ஊசிமுனை அளவில் வெள்ளி நிறப் புள்ளிகள் மின்னின. அவை பிஸ்டனின் அலுமினியம். சில பித்தளை ஜெட்டுகளின் விலையை மிச்சப்படுத்தப் போய், பிஸ்டனும் சிலிண்டரும் போயின.

ஜெட் அமைக்கும் வேலைக்கு அடிப்படை, கார்புரேட்டரின் எந்தப் பகுதி திராட்டிலின் எந்த நிலையில் பேசுகிறது என்பதுதான். மூடிய நிலையிலிருந்து கால் பங்கு வரை பைலட் ஜெட்டும் அதன் திருகும். கால் பங்கிலிருந்து முக்கால் வரை நீடில், அதாவது ஸ்லைடோடு ஏறி இறங்கும் கூம்பு ஊசி. முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். இவை ஓரளவு ஒன்றோடொன்று கலந்தே வேலை செய்யும் என்றாலும், குறை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க இந்தப் பிரிப்பே போதும். திராட்டில் கூட்டில் வெள்ளை டேப் ஒட்டி, லீவரின் கால், அரை, முக்கால் நிலைகளைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். ஓட்டும்போது எந்த நிலையில் இன்ஜின் தடுமாறுகிறது என்பதை ஊகிக்காமல் பார்த்தே சொல்லலாம்.

மெயின் ஜெட்டிலிருந்து தொடங்குவது நல்லது. இப்போதிருப்பதைவிட இரண்டு மூன்று எண் பெரிய ஜெட்டுகளைச் சேர்த்தே வாங்கி வைத்துக்கொண்டு, பெரியதிலிருந்து சிறியதாக இறங்கி வாருங்கள். பெட்ரோல் மிகுந்த ரிச் நிலையில் இன்ஜின் மந்தமாகும், கொப்பளிக்கும், கறுப்புப் புகை விடும், ஆனால் உடையாது. லீன் நிலையிலிருந்து மேலே ஏறி வருபவர் ஒவ்வொரு சோதனை ஓட்டத்திலும் பிஸ்டனைப் பணயம் வைக்கிறார். முழு திராட்டிலில் ஓடும்போது லீவரைச் சற்றே தளர்த்திப் பாருங்கள்: அந்தக் கணத்தில் வண்டி முன்னே பாய்வது போல் உணர்ந்தால் மெயின் ஜெட் சிறியது. அடுத்து நீடில். அதன் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் நீடில் உயர்ந்து கலவை ரிச் ஆகும்; மேலே ஏற்றினால் லீன் ஆகும். கடைசியாக பைலட். இங்கே பலர் குழம்பும் ஒன்று இருக்கிறது. கலவைத் திருகு கார்புரேட்டரின் இன்ஜின் பக்கத்தில் இருந்தால் அது பெட்ரோலைக் கட்டுப்படுத்துகிறது, வெளியே திருகினால் ரிச். ஏர் பாக்ஸ் பக்கத்தில் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துகிறது, வெளியே திருகினால் லீன். திராட்டிலை விட்டதும் சைலன்சரில் படபடவென்று வெடிப்பதும், சூடேறிய பிறகும் சோக்கைச் சற்று இழுத்தால்தான் இன்ஜின் ஒழுங்காக ஓடுவதும் பைலட் லீன் என்பதன் அறிகுறிகள்.

ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரு சிறு நோட்டில் ஜெட் எண், கிளிப் இருக்கும் பள்ளம், திருகின் சுற்று, அன்றைய வெப்பநிலை ஆகியவற்றை எழுதிவையுங்கள். குளிர்ந்த காற்று அடர்த்தியானது என்பதால் குளிர்காலத்தில் அதே ஜெட் லீனாக நடந்துகொள்ளும். மலைக்குப் போனால் நிலைமை நேரெதிர்: 1000 மீட்டர் உயரத்துக்குக் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 10 சதவீதம் குறைவதால், கீழே சரியாக இருந்தது மேலே ரிச் ஆகிவிடும். ஜெட் துளையைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்யவோ, டிரில்லால் பெரிதாக்கவோ கூடாது; பித்தளை மென்மையானது, துளை ஒரு மயிரிழை விரிந்தாலும் அதன் மேலுள்ள எண்ணுக்குப் பிறகு பொருளில்லை.

பிளக்கின் நிறத்தைப் பார்த்துக் கலவையைச் சொல்லும் பழக்கம் பயனுள்ளது. முழு திராட்டிலில் சிறிது தூரம் ஓட்டி, அதே கணத்தில் கிளட்சைப் பிடித்து இன்ஜினை நிறுத்திப் பார்க்க வேண்டும். மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்து வீட்டில் கழற்றிய பிளக் ஐடிலிங்கின் கதையைத்தான் சொல்லும். ஈயமில்லாத பெட்ரோலில் நிறம் எளிதில் படிவதில்லை என்பதால், புகைக்குழாயில் பொருத்தும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் கருவியை நண்பர்கள் சேர்ந்து ஒன்று வாங்கிப் பகிர்ந்துகொள்வதை நான் விரும்புவேன். முழு வலுவுக்குக் காற்று பெட்ரோல் விகிதம் 13க்கு 1 என்ற அளவை ஒட்டி இருக்க வேண்டும். வேதியியல் கணக்குப்படி முழுமையாக எரியும் 14.7க்கு 1 என்ற அளவு, முழு திராட்டிலில் ஆபத்தான அளவுக்கு லீன்.

2006இல் வந்த ராப்டர் 700 போன்ற ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் ஜெட்டுக்குப் பதிலாக ஃபியூயல் கன்ட்ரோலர். மாட்டிய பொருள்களுக்கு ஏற்ற மேப் (பெட்ரோல் அளவு அட்டவணை) கிடைக்கும் கன்ட்ரோலராகப் பார்த்து வாங்கினால் வேலை சுலபம். வெப்பநிலை சென்சாரை ஏமாற்றும் சிறு ரெசிஸ்டரை "பவர் சிப்" என்று விற்பார்கள். அது எல்லா நிலையிலும் கண்மூடித்தனமாகப் பெட்ரோலைக் கூட்டுவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை.

இக்னிஷன்

இதில் அதிகம் செலவழிக்கத் தேவையில்லை. விலையுயர்ந்த இரிடியம் பிளக் நீடித்து உழைக்கும், வலுவைக் கூட்டாது. பிளக் தீப்பொறி விடும் நேரத்தை, அதாவது டைமிங்கை, சுமார் 4 டிகிரி முன்னே தள்ளும் ஆஃப்செட் கீ 400இ.எக்ஸ். போன்ற வண்டிகளுக்கு மலிவாகக் கிடைக்கிறது. நடு வேகத்தில் இழுப்பு சற்றுக் கூடும். ஆனால் கம்ப்ரஷன் உயர்ந்த பிஸ்டனையும் சேர்த்துப் போட்டால் நாக்கிங், அதாவது கலவை கட்டுப்பாடின்றி வெடித்து எரிவது, வரும் வாய்ப்பு அதிகம். இன்ஜினின் சுழற்சி வரம்பை உயர்த்தும் சி.டி.ஐ. என்ற இக்னிஷன் பெட்டி, தொழிற்சாலை கேம் உள்ள இன்ஜினுக்கு வீண். அந்த கேம் வலுவைத் தருவது நிற்கும் இடத்துக்கு மேலே சுழற்றுவதால் வால்வு ஸ்பிரிங்குக்கு ஆபத்து மட்டுமே மிஞ்சும்.

கேம்

மூச்சுவிடும் வழிகளைச் சரிசெய்த பிறகு, கொடுக்கும் பணத்துக்கு அதிக மாற்றத்தை உணரச் செய்வது கேம் ஷாஃப்ட். வால்வு எவ்வளவு உயரம் திறக்கிறது, எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. ஸ்டேஜ் 1 என்று குறிப்பிடப்படும் கேம்கள் பெரும்பாலும் தொழிற்சாலை வால்வு ஸ்பிரிங்கோடு ஓடக்கூடியவை. அதற்கு மேல் போனால் ஸ்பிரிங்கும் வாங்க வேண்டும், கீழ் வேகத்தில் இழுப்பும் குறையும். மரங்களுக்கிடையே ஓட்டுபவர் பெரிய கேமை வாங்கினால் பெரும்பாலான நேரம் அதன் பலன் தொடங்கும் வேகத்துக்குக் கீழேயே ஓட்டிக்கொண்டிருப்பார்.

மாட்டும்போது பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, கேம் செயினைக் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். அது கிரேங்க் கேஸுக்குள் விழுந்துவிட்டால் ஒரு மாலை முழுதும் போய்விடும். டென்ஷனரைக் கழற்றாமல் கேம் ஸ்ப்ராக்கெட்டைத் தளர்த்தக் கூடாது. புதுக் கேமின் மேடுகளில் அசெம்பிளி கிரீஸ் தடவி, குறிகளைச் சரிபார்த்து மாட்டிய பிறகு, ஸ்டார்ட்டரைத் தொடாமல் கையாலேயே கிரேங்கை இரண்டு முழுச் சுற்றுகள் சுற்றிப் பாருங்கள். எங்காவது கெட்டியாகத் தடுத்தால் பலம் போட்டுச் சுற்றாதீர்கள். வால்வு பிஸ்டனைத் தொடுகிறது என்று பொருள். இரண்டு சுற்றுக்குப் பிறகும் குறிகள் அதே இடத்துக்கு வர வேண்டும். அதன் பிறகு டேப்பெட் இடைவெளியைப் புதிதாக அமைத்து, மெயின் ஜெட்டை மறுபடி ஒரு எண் பெரியதிலிருந்து சோதிக்க வேண்டும்.

பிஸ்டன், சிலிண்டர்

நன்றாக ஓடும் இன்ஜினைப் பிஸ்டனுக்காகத் திறக்காதீர்கள். ரிங் தேய்ந்து எப்படியும் ஹெட்டைக் கழற்ற வேண்டிய நாள் வரும். கேஸ்கெட்டும் உழைப்பும் அன்று எப்படியும் ஆகப்போகும் செலவு என்பதால், தொழிற்சாலைப் பிஸ்டனுக்கும் உயர் கம்ப்ரஷன் பிஸ்டனுக்கும் உள்ள விலை வேறுபாடு மட்டுமே உங்கள் உண்மையான மேம்பாட்டுச் செலவாக இருக்கும்.

400இ.எக்ஸ்., ராப்டர் 700 இரண்டின் கம்ப்ரஷன் விகிதமும் 9க்கு 1ஐச் சற்றே தாண்டியது என்பதால், அவற்றுக்கு உயர் கம்ப்ரஷன் பிஸ்டன் நல்ல பலன் தரும். எல்.டி.இசட். 400 வண்டியில் 11.3, ஒய்.எஃப்.இசட். 450 வண்டியில் 11.9 என்று ஏற்கெனவே உயர்ந்திருப்பதால் அங்கே கூட்டுவதற்கு இடம் குறைவு. அந்தப் பணத்தைக் கேமில் போடுவது நல்லது. விகிதத்தைக் கூட்டினால் ஆக்டேன் எண் அதிகமான பெட்ரோலை ஒவ்வொரு முறையும் ஊற்ற வேண்டியிருக்கும். அதை வாங்கிக் கட்டுப்படியாகுமா என்பதை முதலிலேயே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

சிலிண்டரைப் பெரிதாக்கும் வழியும் உண்டு. 400இ.எக்ஸ். சிலிண்டரின் விட்டம் 85 மி.மீ., ஸ்ட்ரோக் 70 மி.மீ., கொள்ளளவு 397 சி.சி. விட்டத்தை 89 மி.மீ. ஆக்கினால் 435 சி.சி. வரும், கடைகளில் 440 கிட் என்று விற்கப்படுவது இதுதான். காற்றால் குளிரும் இன்ஜினில் கூடுதல் வெப்பம் ஒரு பிரச்சினை என்பதால், ஆயில் கூலரின் தகடுகளில் சேறு அடைத்திருக்காமல் பார்ப்பது அன்றாட வேலையாகிவிடும். முதல் முறை செய்பவருக்கு, விட்டத்தை மாற்றாமல் பிஸ்டனை மட்டும் மாற்றுவதையே நான் சொல்வேன்.

பிஸ்டனோடு வரும் தாளில் உள்ள அளவுகளைப் படிக்காமல் எதையும் பொருத்தக் கூடாது. ரிங்கைச் சிலிண்டருக்குள் இறக்கி, பிஸ்டனின் தலையால் சாயாமல் சமமாகத் தள்ளி, அதன் இரு முனைகளுக்கு நடுவே ஃபீலர் கேஜை நுழைத்துப் பாருங்கள். விட்டத்தில் ஆயிரத்தில் நான்கு பங்கு என்பது பொதுவான தொடக்க அளவு, 85 மி.மீ. சிலிண்டருக்கு 0.34 மி.மீ. வரும். இடைவெளி போதாமல் இருந்தால் சூட்டில் முனைகள் ஒன்றோடொன்று முட்டி, ரிங் சிலிண்டர் சுவரைக் கிழித்துவிடும். புதுக் கேமும் புதுப் பிஸ்டனும் சேர்ந்து வரும்போது, பிஸ்டன் தலையில் சிறிது களிமண் வைத்து, பழைய கேஸ்கெட்டோடு ஹெட்டைப் பூட்டிக் கையால் சுற்றி, பிறகு கழற்றி, வால்வு பதிந்த இடத்தில் களிமண்ணின் கனத்தை அளக்க வேண்டும். இன்டேக் பக்கம் 1 மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கம் 1.5 மி.மீ. குறைந்தபட்சம் இருக்க வேண்டும். ஹெட் போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் இல்லாமல் முடுக்குவதை விட, அந்த ஒரு நாளுக்கு மட்டும் ரெஞ்சைக் கடன் வாங்குவது எவ்வளவோ மேல்.

டூ ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்பவர்களுக்கு

யமஹா பான்ஷீ, பிளாஸ்டர் போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் கேமும் அது திறக்கும் வால்வும் இல்லை. அங்கே புகைக்குழாயே பாதி இன்ஜின். விரிந்து சுருங்கும் எக்ஸ்பான்ஷன் சேம்பர், எரியாமல் வெளியே தப்பும் புதுக் கலவையை அழுத்த அலையால் சிலிண்டருக்குள் திருப்பித் தள்ளுகிறது. அதனால் குழாய் மாற்றத்தால் கிடைக்கும் பலன் ஃபோர் ஸ்ட்ரோக்கைவிடப் பெரிது. ஜெட்டைச் சரியாக அமைக்காவிட்டால் பிஸ்டன் சீஸ் ஆகும் வேகமும் பெரிது. குழாய்க்கு முன், நல்ல ரீடு வால்வும் (கலவையை உள்ளே மட்டும் விடும் மெல்லிய தகடுகள்) கசிவுச் சோதனையும். இன்டேக்கையும் எக்ஸாஸ்ட்டையும் அடைத்து, 6 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் ஏற்றினால் ஆறு நிமிடம் இறங்காமல் நிற்க வேண்டும். கிரேங்க் சீல் கசியும் டூ ஸ்ட்ரோக்கில் எந்த ஜெட்டும் சரியாக அமையாது.

வேலை முடிந்த பிறகு

வலு கூடிய இன்ஜின் முதலில் கிளட்சைத்தான் சோதிக்கும். உயர் கியரில் முழு திராட்டில் கொடுக்கும்போது இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வண்டி பின்தங்கினால், கெட்டியான கிளட்ச் ஸ்பிரிங் போட வேண்டும். முழு கிளட்ச் செட் தேவைப்படுவது அரிது. ஆயில் டப்பாவில், ஆயிலில் மூழ்கும் கிளட்சுக்கு ஏற்றது என்பதைக் காட்டும் ஜாசோ எம்.ஏ. என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். கார்களுக்கான எரிபொருள் சிக்கன ஆயில், ஆயிலில் மூழ்கி ஓடும் கிளட்சை நழுவ வைக்கும்.

பலனை அளப்பதற்கு டைனோ என்னும் வலு அளக்கும் கருவி தேவையில்லை. ஒரே மேடு, ஒரே கியர், ஒரே தொடக்க வேகம், ஒரே ஓட்டுநர். கீழிருந்து மேல்வரை ஆகும் நேரத்தை ஒவ்வொரு மாற்றத்துக்கு முன்னும் பின்னும் மூன்று முறை எடுத்து நோட்டில் எழுதுங்கள். காது ஏமாற்றும், கடிகாரம் ஏமாற்றாது.

முதல் நீண்ட ஓட்டம் முடிந்து இன்ஜின் ஆறியதும் புகைக்குழாய் நட்டுகளை மறுபடி முடுக்கி, கார்புரேட்டர் ரப்பர் குழாயின் கிளாம்பைப் பார்த்து, ஆயிலை வடித்து அதில் உலோகத் துகள் மின்னுகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். கேமோ ஹெட்டோ தொட்ட வண்டியாக இருந்தால், அன்றே டேப்பெட் இடைவெளியையும் அளந்து, மாட்டிய நாளில் எழுதிய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிவையுங்கள்.